விறைப்புத் துளியும் விழியமுக்கமும்: ஓர் அளவீடு பற்றிய விளக்கம்

கண் கிளினிக்கிற்குச் சென்றுவந்த எவருக்கும் இக்காட்சி பழக்கமானதே. நோயாளியை நாற்காலியில் இருத்தி, தலையைச் சற்றே பின்சாய்க்கச் சொல்லி, கண்ணில் ஒரு துளி மருந்து விடப்படுகின்றது. சில கணங்கள் எரிவு. பின்னர் கண் தன்னுடையதன்று என்பது போன்றதோர் உணர்வு. அதன்பின் நாடியை ஒரு தாங்கியில் வைக்க, நீலவொளி வீசும் சிறியதொரு கூம்பு கண்ணை நோக்கி நகர்ந்து வந்து அதனைத் தொடுகின்றது. தொட்டதை நோயாளி அறிவதில்லை. வைத்தியர் ஓர் எண்ணைக் குறித்துக்கொள்கின்றார்: 16, 22 அல்லது 30. அவ்வெண்ணைக் கொண்டே, அந்த மனிதர் வீடு செல்லலாமா, அன்றி வாழ்நாள் முழுவதும் நாள்தோறும் மருந்திட வேண்டுமா என்ற தீர்மானத்தின் ஒரு பெரும் பகுதி எடுக்கப்படுகின்றது.

இவ்விடத்தில் ஓர் எளிய வினா எழுகின்றது. அளப்பதற்கு முன்னர் நாம் கண்ணினுள் ஒரு மருந்தை இட்டுள்ளோம். அம்மருந்து அளக்கப்படும் பொருளையே மாற்றிவிடவில்லை என்பதற்கு உறுதி என்ன? இதனைக் கண் வைத்தியர்களுக்கு மட்டுமே உரிய நுட்பப் பிரச்சினை எனத் தள்ளிவிடுதல் எளிது. எனினும், ஓர் எண் எவ்வாறு பிறக்கின்றது, அவ்வெண்ணின் அதிகாரம் எங்கிருந்து வருகின்றது என்பவற்றை அறிய விரும்புவோர்க்கு இச்சிறு துளி நல்லதோர் உதாரணமாக அமைவதால், அதனைச் சற்று விரிவாக நோக்குவது பயனுடையதென எண்ணுகின்றோம்.

முதலில் அமுக்கம் என்பதைப் பற்றிச் சில வார்த்தைகள். கண் ஒரு திண்மக் கோளமன்று. உள்ளே திரவம் நிறைந்து, அத்திரவத்தின் அமுக்கத்தாலேயே வடிவத்தைப் பேணிநிற்கும் ஒரு பை எனலாம். கண்ணின் முற்பகுதியில் நிமிடத்துக்கு 2 மைக்கிரோலீற்றர் முதல் 2.5 மைக்கிரோலீற்றர் வரை நீர்மயத் திரவம் சுரக்கின்றது. அதே அளவு, விழிவெண்படலமும் கதிராளியும் சந்திக்கும் கோணத்திலுள்ள நுண்வலையின் ஊடாக வடிந்து செல்கின்றது. வடிதல் தடைப்படின் அமுக்கம் உயரும். உயர்ந்த அமுக்கம் பார்வை நரம்பின் இழைகளைச் சிறிது சிறிதாக அழிக்கின்றது. இதுவே குளுக்கோமா. வலியின்றி வருவது, பார்வைப் புலத்தின் ஓரங்களை முதலில் தின்பது, இழந்த பார்வையை எந்தச் சிகிச்சையும் மீட்டுத் தராதது. அமுக்கத்தைத் தாழ்த்துவதே இன்று நம்மிடம் உள்ள வழி. சுவீடனின் மல்மோ நகரை மையமாகக் கொண்டு நிகழ்ந்த ஆரம்பநிலைக் குளுக்கோமா ஆய்வு, அமுக்கம் ஒவ்வொரு மில்லிமீற்றர் இரசம் தாழும்போதும் நோய் முற்றும் ஆபத்து ஏறத்தாழ 10 வீதம் குறைகின்றதென 2003இல் அறிவித்தது. ஆகவே ஒரு மில்லிமீற்றர் என்பது அலட்சியப்படுத்தத்தக்க அளவன்று. துளிமருந்து பற்றிய வினாவிற்கு உயிர் தருவது இந்த ஒரு மில்லிமீற்றரே.

விறைப்பு மருந்து தோன்றுவதற்கு முன்னர் கண்ணமுக்கம் விரலால் மதிப்பிடப்பட்டது. நோயாளியைக் கீழ்நோக்கிப் பார்க்கச் செய்து, மேலிமையின் மீது இரு ஆள்காட்டி விரல்களையும் வைத்து மாறி மாறி அழுத்தி, கண் மிருதுவானதா, இறுகியதா என உணர்வதே முறை. இங்கிலாந்தின் வில்லியம் போமன் 1862இல் இவ்வுணர்வைப் படிகளாக வகுத்துக் குறியீடிட்டார். பழகிய விரல் பெரும் வேறுபாட்டை அறியும். 18க்கும் 24க்கும் இடையிலான வேறுபாட்டை அறியாது. ஜேர்மனியின் அல்பிரெக்ற் வொன் கிறேபே போன்றோர் 1860களிலேயே கருவி செய்ய முயன்றனர். ஆனால் அக்கருவிகள் நின்றது கண்ணின் வெள்ளைப் பகுதியில். அளப்பதற்கு மிக ஏற்ற இடமோ அதுவன்று; கண்மணிக்கு முன்னால் கடிகாரக் கண்ணாடி போல் அமைந்துள்ள ஒளிபுகும் விழிவெண்படலமே. அதன் வளைவு ஒழுங்கானது. தடிப்பு ஓரளவு சீரானது. ஆயினும் அது உடலிலேயே மிக நெருக்கமாக உணர்வு நரம்புகள் பரந்துள்ள இடங்களுள் ஒன்று. ஒரு தூசு பட்டாலே இமை இறுக மூடும், கண் மேல்நோக்கி உருளும், நீர் பெருகும். அளக்கத் தகுந்த இடம், தொட முடியாத இடமாகவும் இருந்தது.

இத்தடை 1884இல் நீங்கியது. கொக்கேயின் அப்போது புதிய பொருளன்று. கொக்கா இலையிலிருந்து அதனைப் பிரித்தெடுத்து இருபது ஆண்டுகளுக்கு மேலாகிவிட்டன. அது நாவை விறைக்கச் செய்யும் என்பதைச் சுவைத்தவர் பலரும் அறிந்திருந்தனர். வியன்னா பொது வைத்தியசாலையில் கடமையாற்றிய இளம் வைத்தியர் கார்ல் கொல்லர், நாவை விறைக்கச் செய்வது கண்ணையும் விறைக்கச் செய்யுமல்லவா என்று கேட்டார். தவளையின் கண்ணில், முயலின் கண்ணில், பின்னர் தமது சொந்தக் கண்ணில் சில துளிகளை விட்டு, குண்டூசித் தலையால் விழிவெண்படலத்தைத் தொட்டுப் பார்த்தார், உணர்வில்லை. 1884 செப்ரெம்பர் 15ஆம் திகதி ஹைடல்பேர்க்கில் கூடிய கண்வைத்தியர் மாநாட்டில் அவரது குறிப்பு வாசிக்கப்பட்டது. வாசித்தவர் வேறொருவர், பயணச் செலவுக்குக் கொல்லரிடம் பணமில்லை. ஒருசில மாதங்களின் பின், 1885 ஜனவரியில், யூதர் என்று தம்மை இழித்துரைத்த சக வைத்தியர் ஒருவரை அவர் அறைந்தமையால் வாட்போர் நிகழ்ந்ததும், நாடிய பதவி வியன்னாவில் கிட்டாமல் இறுதியில் அவர் நியூயோர்க்கிற் குடியேறியதும் அக்காலச் சமூகத்தின் இலட்சணங்கள். கண்டுபிடிப்பை உடன் ஏற்றுக்கொண்ட நகரம் கண்டுபிடித்தவரை ஏற்கவில்லை.

மாநாடு கழிந்த மறு ஆண்டே, 1885இல், ருஷ்யாவின் மக்லகோவ் விழிவெண்படலத்தின் மீது நிறையொன்றை வைத்து, அது தட்டையாகும் பரப்பிலிருந்து அமுக்கத்தைக் கணிக்கும் கருவியை வெளியிட்டார். 1905இல் நோர்வேயின் யல்மார் ஷியோற்ஸ் தமது கருவியை அறிமுகஞ் செய்தார். படுத்திருக்கும் நோயாளியின் கண்ணில் நிறுத்தி, சிறு ஊசித்தண்டு எவ்வளவு பதிகின்றதென்பதை முள்ளினால் காட்டும் அக்கருவி அரை நூற்றாண்டுக்கு மேல் உலகெங்கும் ஆட்சி செய்தது. கருவிகளின் வரலாற்றை எழுதுவோர் பெரும்பாலும் உருக்கையும் முள்ளையும் அளவுகோலையுமே விவரிப்பர். ஆனால் இக்கருவிகளுக்கெல்லாம் முன்நிபந்தனையாக நின்றது அந்தத் துளியே. மருந்து பிறந்தபின்னரே கருவி கண்ணைத் தொட்டது.

கொக்கேயின் நடுநிலையான மருந்தாகவும் இருக்கவில்லை. அது கண்மணியை விரியச் செய்யும். குருதிக் குழாய்களைச் சுருக்கும். விழிவெண்படலத்தின் மேற்றோலைக் கலங்கச் செய்யும். ஒடுங்கிய கோணமுள்ள கண்ணில் கண்மணி விரியுமாயின் வடிகால் அடைபட்டு அமுக்கம் திடீரென உயரவும் கூடும். அளக்க உதவும் மருந்தே அளக்கப்படுவதை மாற்றும் என்ற அச்சம் அக்காலத்தில் வெறும் தத்துவச் சந்தேகமன்று. பின்னர் வந்த ரெற்றாக்கேயின், ஒக்சிபுப்ரோக்கேயின், புரொக்சிமெற்றாக்கேயின் ஆகியன கண்மணியைக் குறிப்பிடத்தக்க அளவில் விரிப்பதில்லை. இன்று கிளினிக்குகளிற் பயன்படுபவை இவையே. செறிவு பெரும்பாலும் அரை வீதம் அளவினது. அரை நிமிடத்துக்குள் விறைப்பு உண்டாகி, ஏறத்தாழ கால் மணி நேரத்தில் நீங்கிவிடும்.

இம்மருந்துகள் செய்வது என்ன? நரம்பிழையொன்றினூடாகச் செய்தி செல்ல வேண்டுமாயின், அதன் மென்சவ்விலுள்ள நுண்கால்வாய்கள் திறந்து சோடியம் அயன்கள் உட்புக வேண்டும். விறைப்பு மருந்து அக்கால்வாய்களை உட்புறமிருந்து அடைக்கின்றது. தூண்டல் உண்டு, செய்தி இல்லை. இவ்விளைவு கண்ணின் மேற்பரப்பை அண்டியே நிகழ்கின்றது. திரவத்தைச் சுரக்கும் பகுதி கதிராளிக்குப் பின்னால் ஆழத்தில் உள்ளது. ஓரிரு துளிகள், ஓரிரு நிமிடங்களில், அச்சுரப்பையோ வடிதலையோ பெரிதும் மாற்றுமென எண்ண இடமில்லை. ஆகவே துளி அமுக்கத்தை நேராக மாற்றுவதாகத் தெரியவில்லை. அப்படியாயின் பிரச்சினை முடிந்துவிட்டதா? இல்லை. அமுக்கம் வேறு, அமுக்கத்தின் அளவீடு வேறு என்பதை இங்கே நினைவிற்கொள்ள வேண்டும். கருவி காட்டும் எண்ணில் கண்ணினுள்ளே உள்ள அமுக்கத்துடன், இமையின் விசை, கண்ணீர்ப் படலத்தின் இழுப்பு, விழிவெண்படலத்தின் தடிப்பு, நோயாளியின் மூச்சு ஆகிய யாவும் கலந்துள்ளன. துளி அவற்றைத் தொடுகின்றது.

இதனை விளங்கிக்கொள்ளக் கோல்ட்மான் கருவியின் இயக்கத்தை அறிதல் வேண்டும். சுவிற்சலாந்தின் பேர்ண் நகரில் ஹான்ஸ் கோல்ட்மான் 1950களில் உருவாக்கிய இக்கருவியே இன்றுவரை ஏனைய கருவிகளுக்கு உரைகல்லாக இருந்துவருகின்றது. தத்துவம் எளியது: ஒரு கோளத்தின் மேற்பரப்பில் குறித்த பரப்பைத் தட்டையாக்க வேண்டிய விசையை அப்பரப்பால் வகுத்தால் உள்ளமுக்கம் கிடைக்கும். ஆனால் கண் மெல்லிய இரப்பர்ப் பந்தன்று. விழிவெண்படலத்துக்குச் சுயமான விறைப்புத்தன்மை உண்டு. அது கருவியை எதிர்த்து வாசிப்பை உயர்த்தும். மறுபுறம், கூம்பைச் சூழ்ந்துள்ள கண்ணீர் தன் பரப்பிழுவிசையால் கூம்பைக் கண்ணை நோக்கி இழுத்து வாசிப்பைத் தாழ்த்தும். தட்டையாக்கும் வட்டத்தின் விட்டம் 3.06 மில்லிமீற்றராக இருப்பின் இவ்விரு பிழைகளும் ஒன்றையொன்று ஈடுசெய்யும் எனக் கோல்ட்மான் கண்டார். அவ்விட்டத்துக்கு இன்னுமொரு வசதியும் உண்டு. அதன் பரப்பு 7.35 சதுர மில்லிமீற்றர். அதன்மீது ஒரு கிராம் நிறையின் விசை 10 மில்லிமீற்றர் இரச அமுக்கத்துக்குச் சமம். எனவே கருவியின் எண்ணைப் பத்தாற் பெருக்கினால் விடை. இரு பிழைகளை எதிரெதிரே நிறுத்தி ஒன்றையொன்று விழுங்கச் செய்த இவ்வேற்பாடு மிக்க மதிநுட்பம் வாய்ந்தது. எனினும் அது விழிவெண்படலத்தின் தடிப்பு 520 மைக்கிரோமீற்றர் அளவினது என்ற எடுகோளின் மேல் நிற்கின்றது என்பதைக் கோல்ட்மானே உணர்ந்திருந்தார்.

இனித் துளிக்கு வருவோம். அது அளவீட்டினுட் புகும் வாயில்கள் சிலவுள. கண்ணீரை எடுத்துக்கொண்டால், துளியே ஒரு திரவமாதலாலும் முதல் எரிவில் நீர் சுரப்பதாலும், கண்ணீர்ப் படலம் தடிக்கின்றது. கூம்பினூடாக நோக்கும் வைத்தியர், புளோரசீன் சாயத்தால் பச்சையாக ஒளிரும் இரு அரைவட்டங்களைக் காண்பார். அவற்றின் உட்கரைகள் சரியாகத் தொடும்போது வாசிப்பை எடுப்பார். கண்ணீர் மிகின் அவ்வரைவட்டங்கள் அகன்று, உண்மையிலும் கூடிய எண்ணைத் தரும். சாயம் குறைந்து அவை மெலிந்தால் எண் தாழும். துளியை இட்டபின் மெல்லிய தாளால் மிகைநீரை ஒற்றியெடுக்கும் பழக்கம் இதனாலேயே ஏற்பட்டது. இங்கே பிழை மருந்தினுடையதன்று. அது கரைந்துள்ள நீரினுடையது.

விழிவெண்படலத்தின் தடிப்பும் மாறுகின்றது. விறைப்புத் துளி இட்ட சில நிமிடங்களுக்கு அத்தடிப்பு சில மைக்கிரோமீற்றர் முதல் பத்து மைக்கிரோமீற்றர் வரை கூடவோ குறையவோ செய்யலாமெனப் பல ஆய்வாளர் அளந்துள்ளனர். தடிப்பு மாறின் எதிர்ப்பு மாறும், எதிர்ப்பு மாறின் வாசிப்பு மாறும். ஆனால் பத்து மைக்கிரோமீற்றருக்கு வழமையான திருத்த அட்டவணைகள் தரும் வேறுபாடு ஒரு மில்லிமீற்றர் இரசத்துக்கும் குறைவானதே. மேலும், நீர் உறிஞ்சித் தடித்த படலம் இயற்கையாகவே தடித்த படலத்தைப் போல் நடந்துகொள்வதில்லை. அது நெகிழ்ந்து வாசிப்பைத் தாழ்த்தவும் கூடும். எனவே அட்டவணையை இவ்விடத்தில் இயந்திரரீதியாகப் பிரயோகித்தல் தவறாகும்.

எம் கருத்தில் முதன்மையானது இமையே. விறைக்காத கண்ணைப் பொருள் ஒன்று அணுகும்போது இமைத் தசை இறுகுகின்றது. இறுகிய இமை கண்கோளத்தை அழுத்துகின்றது. சாதாரண இமைப்பே அமுக்கத்தைக் கணநேரம் உயர்த்தும். இமையை இறுக மூடுதல் அதனைப் பன்மடங்காக்கும். அச்சங்கொண்டவர் மூச்சையும் அடக்கிக்கொள்வார். மூச்சடக்கம் நாளங்களின் அமுக்கத்தை உயர்த்தி, அதன் வழியே கண்ணமுக்கத்தையும் உயர்த்தும். இறுகக் கட்டிய கழுத்துப்பட்டி கூட இதைச் செய்யும். இவை எவையும் குளுக்கோமா அல்ல. ஆனால் கருவிக்கு அந்த வேறுபாடு தெரியாது. துளி இவ்வெதிர்ப்பின் பெரும் பகுதியை நீக்குகின்றது. அவ்வாறாயின், துளிக்குப் பின் எண் தாழ்ந்ததெனின் துளி அமுக்கத்தைத் தாழ்த்தியது என்பதா, அன்றி, துளியின்றி எடுத்த எண்ணே பயத்தால் உயர்ந்திருந்தது என்பதா? ஒரே வேறுபாட்டை இரு திசைகளிலிருந்தும் வாசிக்கலாம். இவற்றுள் எதனை இயல்பு நிலை என்று கொள்கிறோம் என்பதைப் பொறுத்தே விடை அமையும்.

இதனைப் பரிசோதனையால் தீர்க்கலாமே எனலாம். ஆனால் பரிசோதனை அமைப்பதில் ஒரு வட்டச் சிக்கல் உண்டு. துளிக்கு முன்னும் பின்னும் அளந்து ஒப்பிட வேண்டும். கோல்ட்மான் கருவியாலோ துளிக்கு முன் அளக்க முடியாது. கண்ணினுள் நுண்ணூசியைச் செலுத்தி நேராக அமுக்கத்தை அளத்தல் ஐயத்துக்கிடமற்ற முறை. ஆயின் சத்திரசிகிச்சைக்கு உட்படும் கண்களில் அன்றி அதனைச் செய்ய முடியாது. 1972இல் அமெரிக்காவின் பேணாட் குறோல்மன் காற்றூதல் முறையை வெளியிட்டபோதுதான் இவ்வினாவை முறையாகக் கேட்கும் வாய்ப்புக் கிட்டியது. அக்கருவி கண்ணைத் தொடுவதில்லை. சில மில்லிசெக்கன் நேரம் நீடிக்கும் காற்றுவீச்சினால் விழிவெண்படலத்தைத் தட்டையாக்கி, தட்டையாகும் கணத்தை ஒளித்தெறிப்பால் அறிகின்றது. துளி தேவையில்லை, ஆகவே துளிக்கு முன்னும் பின்னும் அளக்கலாம்.

ஆயினும் இரண்டாவது அளவீடு எப்போதும் முதலாவதன் பின்னரே வருவது. மீள மீள அளப்பதனால் கண்ணமுக்கம் சற்றுத் தாழ்வதுண்டு. முதல் காற்றுவீச்சுக்குத் திடுக்கிட்டவர் இரண்டாவதற்குப் பழகிவிடுகின்றார். காற்றுவீச்சு ஒவ்வொன்றும் இதயத் துடிப்பின் வெவ்வேறு கட்டத்தில் விழுவதால் ஒரே கண்ணின் அடுத்தடுத்த வாசிப்புகளே சில மில்லிமீற்றர் வேறுபடும். எனவே நேர்மையான ஆய்வொன்றில் ஒரு கண்ணுக்கு விறைப்புத் துளியும் மற்றக் கண்ணுக்கு உப்புநீர்த் துளியும் இட்டு, அளப்பவர் எதற்கு எதுவென அறியாதிருக்க, பல வாசிப்புகளின் சராசரியை எடுக்க வேண்டும். இங்கும் ஒரு தொல்லை: விறைப்பு மருந்து எரிக்கும், உப்புநீர் எரிக்காது, நோயாளி எதுவெனக் கண்டுகொள்வார். முற்றாக மறைத்தல் இயலாது.

இத்தகைய ஆய்வுகளின் முடிவுகள் ஒருமுகமானவை அல்ல. சிலவற்றில் வேறுபாடு காணப்படவில்லை. சிலவற்றில் துளிக்குப் பின் ஒரு மில்லிமீற்றர் அளவிலான வீழ்ச்சி காணப்பட்டது. புள்ளிவிபர நோக்கிற் பொருளுடைய வேறுபாடு வைத்திய நோக்கிற் பொருளுடையதாக இருக்க வேண்டியதில்லை. இரு வைத்தியர் ஒரே கண்ணைக் கோல்ட்மான் கருவியால் அளந்தாலே இரண்டு மூன்று மில்லிமீற்றர் வேறுபடலாம். சுகதேகியின் கண்ணமுக்கம் ஒரே நாளில் 3 முதல் 6 மில்லிமீற்றர் வரை ஏறியிறங்கும். இவ்வலைகளிடையே துளியின் பங்கு ஒரு சிற்றலை மட்டுமே. ஒப்பீட்டுக்காகச் சிசுக்களை எண்ணலாம். பிறவிக் குளுக்கோமா உள்ள குழந்தையைப் பெரும்பாலும் முழுமயக்கத்திலேயே அளக்க வேண்டியுள்ளது. அங்கே மயக்க வாயுக்கள் அமுக்கத்தை உண்மையாகவே தாழ்த்துகின்றன; தசைகளைத் தளர்த்தத் தரப்படும் சக்சமெதோனியம் அதனைச் சில நிமிடங்களுக்கு உயர்த்துகின்றது; மூச்சுக்குழாய்க்குள் குழாய் செலுத்துதலும் உயர்த்துகின்றது. அங்கு எந்தக் கணத்தில் அளந்தோம் என்பதைக் குறிக்காத எண் ஏமாற்றும் எண்ணாகும்.

ஆனால் சிற்றலை என்று சொல்லி விட்டுவிடுதல் போதாது. தற்செயற் பிழை வேறு, ஒரே திசையிற் சாயும் பிழை வேறு. முன்னது பன்முறை அளக்க மறையும். பின்னது எத்தனை முறை அளந்தாலும் நிற்கும். துளி எண்ணைச் சிறிதளவு தாழ்த்துமெனின், அது எல்லா நோயாளரிடமும், எல்லா நாளிலும் தாழ்த்தும். ஒரு மில்லிமீற்றருக்குப் பத்து வீத ஆபத்து என்ற கணக்கின் முன் இது சிறியதா?

இங்கே நாம் கவனிக்க வேண்டிய ஓர் உண்மையுண்டு. இயல்பான அமுக்கத்தின் மேலெல்லை 21 என்ற எண் எங்கிருந்து வந்தது? ஜேர்மனியில் லைற்ஹெக்கரும் அவரது சகாக்களும் பத்தாயிரம் பேரை அளந்து 1958இல் வெளியிட்ட முடிவுகள் அதன் முக்கிய அத்திவாரங்களுள் ஒன்று. சராசரி 15.5; நியமவிலகல் 2.57. சராசரியுடன் இருமடங்கு நியமவிலகலைக் கூட்டினால் 21ஐ அண்மிக்கின்றோம். அவர்கள் அளந்தது ஷியோற்ஸ் கருவியால். அதாவது விறைத்த கண்ணில். சுவீடன் ஆய்வில் நோயாளரை அளந்ததும் கோல்ட்மான் கருவியால். அதாவது விறைத்த கண்ணில். நாம் இயல்பு என்பதும், உயர்வு என்பதும், சிகிச்சையின் இலக்கு என்பதும் எல்லாம் துளியிட்ட கண்களிலிருந்து திரட்டிய எண்கள். துளி அளவுகோலுக்கு வெளியே நின்று அதனைக் கெடுக்கும் அந்நியப் பொருளன்று; அது அளவுகோலின் உள்ளேயே இருக்கின்றது. துளியின்றிய ‘தூய’ அமுக்கமே உண்மை, துளியிட்டது அதன் திரிபு என்று எண்ணுவது, அளவீடு ஒரு மனிதச் செயல் என்பதை மறந்த எண்ணமாகும்.

எனவே துளி உண்மையில் தொல்லை தருவது, துளியிட்டு எடுத்த எண்ணைத் துளியின்றி எடுத்த எண்ணோடு ஒரே நிரலில் எழுதும்போதே. அரை நூற்றாண்டுக்கு முன் இப்பிரச்சினை அரிது; ஏனெனில் துளியின்றி அளக்கும் கருவி அரிது. இன்று நிலைமை வேறு. கண்ணாடிக் கடையிற் காற்றூதற் கருவி. வைத்தியசாலையிற் கோல்ட்மான் கருவி. இவற்றோடு, பின்லாந்தின் அந்தி கொந்தியோலா உருவாக்கிய துள்ளல் கருவி. இக்கடைசிக் கருவியில், மெல்லிய கம்பியின் நுனியிலுள்ள சிறு குமிழ் விழிவெண்படலத்தில் பட்டுத் துள்ளித் திரும்பும் வேகத்திலிருந்து அமுக்கம் கணிக்கப்படுகின்றது. தொடுகை அத்துணை இலேசானதும் குறுகியதும் ஆகையால் விறைப்பு மருந்து வேண்டியதில்லை. தாதியரும் பயன்படுத்தலாம், நோயாளியே வீட்டிற் பயன்படுத்தத்தக்க வடிவமும் உண்டு. ஒரே நோயாளியின் அட்டையில் மூன்று கருவிகளின் எண்கள் வரிசையாக நிற்கின்றன: 17, 20, 18. அவற்றை ஒரு கோட்டால் இணைத்து, அமுக்கம் ஏறியது, இறங்கியது என்று பேசுவது எளிது. கருவி மாறியதால், துளி இருந்ததும் இல்லாததுமாக ஆனதால் விளைந்த வேறுபாட்டுக்கு மருந்து மாற்றப்படின், அதன் செலவையும் பக்கவிளைவையும் சுமப்பவர் நோயாளியே.

துளியில்லாக் கருவிகளை இதனாற் குறைகூறுவது எமது நோக்கமன்று. அவற்றின் சமூகப் பெறுமதி பெரியது. தென் தமிழ்நாட்டின் மூன்று மாவட்டங்களில் 40 வயதும் அதற்கு மேலும் ஆன 5,150 பேரைப் பரிசோதித்து 2003இல் வெளியான அரவிந்த் கண் ஆய்வு, நூற்றுக்கு 2.6 பேருக்குக் குளுக்கோமா இருப்பதைக் கண்டது. அவர்களுள் மிகப் பெரும்பான்மையோர் தமக்கு அந்நோய் உண்டென அதுவரை அறிந்திருக்கவில்லை. இவர்களைப் பொறுத்தவரை, பிரச்சினை ஒரு மில்லிமீற்றர் கூடுதலா குறைவா என்பதன்று. ஒரு தடவையேனும் எவரும் அளக்கவில்லை என்பதே. குளிரூட்டியில் வைத்துப் பேண வேண்டிய மருந்தும், மேசையிற் பொருத்திய நுணுக்குக்காட்டியும், பயிற்சி பெற்ற வைத்தியரும் ஒருங்கே கிடைக்கும் இடம் எது என்பதை எம் வாசகர் அறிவர். அதேவேளை அளந்தால் மட்டும் போதும் என்றும் மயங்கக்கூடாது. ஜப்பானின் தஜிமி நகரில் 2000, 2001ஆம் ஆண்டுகளில் நடைபெற்ற ஆய்வில், திறந்தகோணக் குளுக்கோமா உடையோருள் 92 வீதத்தினரின் அமுக்கம் 21ஐத் தாண்டவில்லை. பார்வை நரம்பை நோக்காது எண்ணை மட்டும் நோக்கும் பரிசோதனை, அவர்களைச் சுகதேகிகள் என்றே அனுப்பிவைத்திருக்கும்.

துளி பற்றி இன்னுமொன்று. அமுக்கத்தைப் பொறுத்தவரை பெரிதும் தீங்கற்ற இம்மருந்து, வேறு வகையில் தீங்கற்றதன்று. விறைத்த கண் தன்னைக் காத்துக்கொள்ளாது. கால் மணி நேரத்துக்குக் கண்ணைக் கசக்கக்கூடாது என்ற எச்சரிக்கை சம்பிரதாயமானதன்று. கண்வலி தீர்ந்ததைக் கண்டு இத்துளியை வீட்டுக்குக் கொண்டுசென்று தொடர்ந்து இட்டுக்கொள்வோருக்கு விழிவெண்படலத்தின் மேற்றோல் ஆறாது புண்ணாகி, சில வேளைகளிற் படலமே உருகிப் பார்வை போவதுண்டு. வலிக்காமையால் நேரம் கடந்த பின்னரே அவர்கள் வருவர். அளப்பவரின் கையில் ஒரு நிமிட உதவியாக இருப்பது, நோயாளியின் பையில் ஒரு கிழமை இருந்தால் ஆபத்தாகின்றது.

நடைமுறைக்குத் தேவையானவை மிகச் சிலவே. ஒரே அமர்வில் இரு கருவிகளால் அளப்பதாயின், துளி வேண்டாத கருவியை முதலிற் பயன்படுத்துதல். துளியிட்டபின் மிகைநீரை ஒற்றுதல். இமையை உயர்த்தும் விரல் கண்கோளத்தை அழுத்தாது எலும்பு விளிம்பில் நிற்றல். நோயாளியை மூச்சுவிடச் சொல்லுதல். அட்டையில் எண்ணை மட்டும் எழுதாது, எக்கருவி, நாளின் எந்நேரம், துளி இட்டா இடாதா என்பவற்றையும் எழுதுதல். முதலிரண்டையும் எழுதும் பழக்கம் சில கிளினிக்குகளில் உண்டு. மூன்றாவதற்கு அட்டையில் இன்னும் கட்டம் இல்லை.